கடைசியா யாரு கை வெச்சாங்க?

வாங்க தம்பி, வாங்க. கோயமுத்தூர்ல இருந்து வண்டி பாக்க வர்றேன்னு போன்ல சொன்னவருதானுங்களே? உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. என்ற வீட்டுக்காரரு இப்பத்தான் ஆர்.சி. புக்கை ஜெராக்ஸ் எடுத்துட்டு வர்றேன்னு கடைவீதிக்கு நடந்து போனாரு. நடந்துதானுங்க. வண்டி வெச்சிருக்கற மனுசன் நடந்து போறாருன்னா வண்டி என்ன லட்சணத்துல இருக்குதுன்னு பாத்துக்குங்க. ஐயோ, நான் ஒருத்தி! வாங்க வந்தவருகிட்டயே இப்படிச் சொல்லிப்போட்டேன் பாருங்க.

மோர் குடிங்க. கருவேப்பிலையை எடுத்து ஓரமா போட்டுக்குங்க.

ஜெராக்ஸ் கடை அஞ்சு நிமிச நடைதானுங்க. ஆனா அவரு வர அரைமணி நேரம் ஆகும். நீங்க வண்டியைத் தொட்டுத் தடவிப் பாக்கறப்ப அவரால இங்க நிக்க முடியாது. எங்க பொண்ணு கல்யாணத்துல தாலி கட்டற நேரம் பாத்து, பந்தியில ரசம் ஊத்தறாங்களான்னு பாக்கப் போன மனுசனுங்க. எல்லாரும் தேடறாங்க, இவரு அங்க ரசவாளியோட நிக்கறாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. கேட்டா, ரசம் காரம்ங்கறாரு. அதே கதைதான் இப்பவும்.

அதா, அந்தத் தகரத்துக்குக் கீழ நிக்குது பாருங்க, அதுதான். போய்ப் பாருங்க, இங்கிருந்தே நான் பேசறேன். பளபளன்னு இருக்குதுங்களா? காலையில அஞ்சு மணிக்கே எந்திரிச்சு ரெண்டு சைலன்சரையும் துடைச்சாரு. ரெண்டு சைலன்சர் வெச்ச டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் இப்ப இந்தச் சுத்துவட்டாரத்துல எங்கயும் கிடையாதுங்க. நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாலயே இந்த வீட்டுக்கு வந்துட்டா. எனக்கு மூத்தவ. முப்பத்தோரு வருசமா இந்தச் சக்களத்தியோட குடித்தனம் பண்றேன். இன்னிக்கு நீங்க கூட்டிட்டுப் போறீங்க. தொல்லை விட்டுது.

அட, அவரு பேரே சொல்லலையே. சென்னியப்பனுங்க. கடைவீதியில மோட்டார் காயில் கட்டற கடை. கெணத்து மோட்டாரு, மாவு மில்லு மோட்டாரு, எது வந்தாலும் அவரு முதல்ல அதைக் கழட்ட மாட்டாரு. நீள ஸ்க்ரூட்ரைவர் ஒண்ணு வெச்சிருக்காரு. அதோட முனையை மோட்டார் மேல வெச்சு, பிடியைக் காதுல வெச்சு, கண்ணை மூடிக்குவாரு. அப்பறம், "பின்னாடி பேரிங்கு போச்சுப்பா"ம்பாரு. கழட்டிப் பாத்தா பின்னாடி பேரிங்குதான் போயிருக்கும். எங்க கவுந்தப்பாடியில சென்னியப்பன் காதுன்னா அப்படி ஒரு பேருங்க. நான் சமையக்கட்டுல மெதுவா ஒரு வார்த்தை முணுமுணுத்தா வாசல்ல இருந்து பதில் வரும். அந்தக் காதோட குடும்பம் நடத்தறது லேசுப்பட்டதில்லீங்க.

அவருக்கு ஒரு கேள்வி உண்டு. எந்தச் சாமான் பழுதாகி வந்தாலும், கொண்டு வந்தவங்களை நிறுத்தி முதல்ல அதைத்தான் கேப்பாரு. "கடைசியா இதுல யாரு கை வெச்சாங்க?" அவ்வளவுதான். பாதி வேலை அதுலயே முடிஞ்சிரும்பாரு. நல்லா ஓடிட்டு இருந்தது திடீர்னு நின்னா, அது தானா நிக்கறதில்ல, யாரோ கை வெச்சிருப்பாங்கம்பாரு. வீட்டுலயும் அப்படித்தான். டி.வி. தெரியலைன்னா, கதவு கிரீச்சுனு கத்துனா, சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னா, "கடைசியா யாரு கை வெச்சாங்க?" நான்தானுங்க கை வெச்சேன், இந்த வீட்டுல வேற யாரு இருக்கறாங்கம்பேன்.

வண்டிக்கு வர்றேன். போன ஐப்பசி மாசம் நல்ல மழைங்க. கடையை மூடிட்டு வந்திட்டு இருந்தவரு, ரோட்டுல கரும்புச் சோகை சிந்திக் கெடந்ததுல டயரு ஏறி, வழுக்கிப்போட்டுது. இடது மணிக்கட்டு எலும்பு விட்டுப்போச்சு. யாரோ போன் பண்ணி, "அக்கா, அண்ணன் விழுந்துட்டாரு"ன்னு சொன்னாங்களே ஒழிய, உசுரோட இருக்கறாருன்னு சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் தாலிக்கொடியைக் கையில புடிச்சுட்டேதான் போனேன் தம்பி. அங்க போய்ப் பாத்தா, கட்டுப் போட்ட கையோட உக்காந்து, "வண்டியை யாராவது ஓரமா நிறுத்துனாங்களா?"ன்னு கேக்கறாரு. அன்னிக்கு ஓங்கி ஒண்ணு விட்டிருக்கணும். அன்னியில இருந்து நான் அந்த வண்டியில ஏறுனதில்ல. பஸ்ஸுதான்.

விழுந்த வண்டியை மாதேசன்தான் எடுத்துட்டுப் போனாரு. வாய்க்கால் பாலத்துக்கு அக்கட்டால மெக்கானிக் கடை வெச்சிருக்காரு. இவருக்கு இருபத்தஞ்சு வருசச் சிநேகிதம். இந்த வண்டி மேல எங்க வீட்டுக்காரரு கையும் மாதேசன் கையும் தவிர மூணாவது கை பட்டதில்ல. ஃபுட்ரெஸ்ட்டை நிமித்தி, ஹேண்டில்பாரை நேராக்கி, வந்ததோட வந்ததா கார்புரேட்டரையும் கழட்டிச் சுத்தம் பண்ணி, ஒரு வியாழக்கிழமை கொண்டு வந்து நிறுத்துனாரு. ஓட்டிப் பாத்தாரு இவரு, கட்டுப் பிரிச்ச கையோட. சத்தம் தேனாட்டம் இருக்குதுன்னாரு.

மக்யாநாள் வெள்ளிக்கிழமை. நான் குளிச்சுப்போட்டு, வாசல் நெலவுக்கு மஞ்சள் பூசி, பீரோவுக்கு, மிக்சிக்கு, தண்ணி மோட்டாருக்கெல்லாம் பொட்டு வெச்சேன். அப்பறம் வண்டியைப் பாத்தேன். நேத்து வரைக்கும் அதைக் கண்டா எனக்கு ஆகாது. ஆனா அன்னிக்கு என்னமோ தோணுச்சு. ஆத்தா, இவ முதுகுல ஏத்திட்டுப் போற மனுசனைப் பத்திரமா கொண்டு வந்து விடட்டும்னு வேண்டிக்கிட்டு, அவளுக்கும் பொட்டு வெச்சேன். ஹெட்லைட்டுல ஒண்ணு, சீட்டுக்குப் பின்னால ஒண்ணு, பெட்ரோல் டேங்க் மூடியில ஒண்ணு. அந்த மூடிக்கு நட்டநடுவுல ஒரு சின்னக் குழி இருக்குது பாருங்க தம்பி. நான் பொட்டு வெக்கறதுக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. மோதிர விரல்ல சந்தனத்தைத் தொட்டு ஒரு அழுத்து அழுத்துனா கும்முனு உக்காந்துக்கும். அதுமேல குங்குமம். மகாலட்சுமியாட்டம் இருக்கும். வாரம் தவறாம வெக்கறேன். அவரு பாப்பாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அவருக்குச் சாமி பக்தி கம்மி. ஆனா எனக்குப் பிடிச்சதுல தலையிட மாட்டாரு, அது ஒண்ணுதான் நல்ல குணம்.

சனிக்கிழமை வண்டியை எடுத்துட்டுப் போனவரு, பாலத்துக்கிட்ட நின்னு போனாரு. இங்கிருந்து சரியா அஞ்சு கிலோமீட்டரு. நல்லா ஓடிட்டு இருந்தது, இழுவை குறைஞ்சு, டப் டப்புன்னு ரெண்டு மிஸ்ஸிங்கு குடுத்து, அப்படியே உசுரை விட்டுப்போட்டுது. வண்டியை ஆட்டிப் பாக்கறாரு, டேங்குல பெட்ரோல் சளசளன்னு ஆடுது. உதைக்கறாரு, உதைக்கறாரு, ம்ஹூம். பாலத்துக்கிட்ட ஒரு டீக்கடை. சரி, ஒரு டீயைக் குடிப்போம்னு குடிச்சுப்போட்டு வந்து உதைச்சா, ஒரே உதையில ஸ்டார்ட்டு! ஒண்ணுமே நடக்காத மாதிரி. திரும்ப அஞ்சு கிலோமீட்டரு. திரும்ப நின்னுச்சு. திரும்பக் கொஞ்ச நேரம் கழிச்சுக் கிளம்புச்சு. போகப் போக அந்த டீக்கடைக்காரரு, தூரத்துல இவரு வண்டிச் சத்தம் கேட்டதுமே டம்ளரைக் கழுவ ஆரம்பிச்சிருவாராம்.

சூடானா நிக்குதுன்னா டைமிங்குதான் தப்புன்னாரு. பிளக்குல பொறி எந்த நொடியில விழணுமோ அந்த நொடியில விழலையாம். ஞாயித்துக்கிழமை காலையில என்னை உக்கார வெச்சுட்டாருங்க வாசல்ல. பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டைக்குள்ள சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டு, பிஸ்டன் மேல வர்றதுக்கு மூணு மில்லிமீட்டர் முன்னாடின்னு கம்பியில நகச்சாயத்துல கோடு போட்டு வெச்சிருக்காரு. நகச்சாயம் என்ற பொண்ணு விட்டுட்டுப் போனது. என்ற கையில ஒரு குட்டி பல்பு. அதுல இருந்து ரெண்டு ஒயரு வண்டிக்குப் போகுது. அவரு சக்கரத்தை நூல் நூலாத் திருப்புவாரு. பொறியை விடற பாயிண்டு திறக்கற நேரத்துல பல்பு அணையும். நான் "அணைஞ்சிருச்சு"ன்னு சொல்லணும். அவரு கம்பியைப் பாப்பாரு. "சரியா பாத்தியா வசந்தாமணி?" "பாத்தேனுங்க." "எப்ப அணைஞ்சுது?" "அணையறப்ப அணைஞ்சுது." மறுக்கா முதல்ல இருந்து. அடுப்புல தோசை கருகி, பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்துட்டாங்க. மூணு மணி நேரம் தம்பி. மூணு மில்லிமீட்டருக்கு மூணு மணி நேரம்.

டைமிங்கு துல்லியமா வெச்சாச்சு. வண்டி அஞ்சாவது கிலோமீட்டர்ல துல்லியமா நின்னுச்சு.

அப்பறம் பாயிண்டைப் புதுசா மாத்துனாரு. கண்டன்ஸரை மாத்துனாரு. காயிலை அவரே கையால கட்டுனாரு, அது அவரு தொழிலு. நின்ன எடத்துல பிளக்கைக் கழட்டிப் பாத்தா வெள்ளை வெளேர்னு இருக்குதாம். வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தல, காத்து ஜாஸ்தின்னு அர்த்தமாம். அப்ப கோளாறு கார்புரேட்டர்லதான்னாரு. அதைக் கழட்டிட்டு வந்து என்ற இட்லிச் சட்டியில மண்ணெண்ணெய் ஊத்தி ஊறப் போட்டுட்டாருங்க! இட்லிச் சட்டியில! பெட்ரோல் வர்ற ஜெட்டுன்னு ஒண்ணு, ஊசி காது மாதிரி ஓட்டை. ஒத்தைச் செம்புக் கம்பி இழையை அதுக்குள்ள விட்டு விட்டு எடுத்து, வெளிச்சத்துல ஒரு கண்ணை மூடிப் பாக்கறாரு. "பாரு வசந்தா, இத்துனூண்டு தூசி அடைச்சாப் போதும், இவ்வளவு பெரிய வண்டி படுத்துக்கும்"னு எனக்குப் பாடம் வேற. நானும், அப்படிங்களான்னு கேட்டுக்கிட்டேன். பெரிய ஜெட்டு போட்டாரு. புகை கக்குச்சு. மிதவையை மாத்துனாரு. பெட்ரோல் போடற பங்க்கையும் மாத்துனாரு. பங்க்குல பெட்ரோல் போட்டுட்டுக் கிளம்புனா அங்கிருந்து அஞ்சு கிலோமீட்டர் நல்லா ஓடுதாம், அதுக்கப்பறம் கெட்டுப்போகுதாம். பெட்ரோல் என்ன பாலா தம்பி, வழியில திரிஞ்சு போக?

ஒரு நாள் ராத்திரி சாப்பிட உக்காந்தவரு திடீர்னு என்னைப் பாத்துக் கேட்டாரு. "வசந்தா, கடைசியா இந்த வண்டியில யாரு கை வெச்சாங்க?"

நான் யோசிச்சுப் பாத்தேன். "உங்களுக்கு முன்னாடி மாதேசண்ணன்தானுங்களே"ன்னேன்.

உண்மைதானுங்களே? ஃபுட்ரெஸ்ட்டு, ஹேண்டில்பாரு, கார்புரேட்டரு எல்லாம் அவருதான கழட்டுனாரு. பொட்டு வெக்கறதெல்லாம் கை வெக்கறதுல சேருமா? சாமிக்குச் செய்யறதை யாராவது கணக்குல சேப்பாங்களா?

அவ்வளவுதான். சோத்துல கை அப்படியே நின்னுபோச்சு. மக்யாநாளே வண்டியை மாதேசன்கிட்டக் கொண்டு போயிட்டாரு. மாதேசன் வண்டியைப் பாத்ததும், "என்ன சென்னி, கல்யாணப் பொண்ணாட்டம் கூட்டிட்டு வந்திருக்கற?"ன்னு சிரிச்சுப்போட்டு, பைப்புத் தண்ணியைப் பீய்ச்சி சோப்பு போட்டுச் சுத்தமாக் கழுவிட்டுத்தான் வேலையைத் தொட்டாராம். பத்து நாள் வெச்சிருந்தாரு. அந்தியூரு வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், எங்கயும் நிக்கல, டைமிங்கு அட்டகாசமா இருக்குது, நான் ஒண்ணுமே பண்ணலன்னு சொல்லி வியாழக்கிழமை கொண்டு வந்து விட்டாரு. வியாழக்கிழமை சாயந்திரம் இவரும் ஓட்டிப் பாத்தாரு. பாலம் தாண்டி ஓடுச்சு! வீட்டுக்கு வர்றப்ப எனக்கு அல்வா வாங்கிட்டு வந்து குடுத்தாருங்க. நான் மகமாயிக்கு நன்றி சொல்லி, வெள்ளிக்கிழமை கொஞ்சம் கூடுதலாவே சந்தனம் வெச்சேன்.

சனிக்கிழமை பாலத்துல நின்னுச்சு.

மறுக்கா மாதேசன். மறுக்கா ஒரு வாரம். மறுக்கா அங்க நல்லா ஓடுது, இங்க வந்தா நிக்குது. இவருக்குப் புத்தி வேற பக்கம் போயிருச்சு. "அவன்கிட்ட இருக்கறப்ப என்ற கார்புரேட்டரை மாட்டி ஓட்டறான். எனக்கு அனுப்பறப்ப டுப்ளிகேட்டை மாட்டி அனுப்பறான். அசல் கார்புரேட்டருக்கு இப்ப வெளியில கிராக்கி"ன்னாரு. நான், அப்படியும் இருக்குமோன்னேன். என்ன பண்றது, எனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? இவரு நேரா அவரு கடைக்குப் போய், நாலு பேரு நிக்கறப்ப கேட்டுப்போட்டாரு.

மாதேசன் சண்டைக்கே வரலையாம். கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சுப்போட்டு, "சென்னி, உன்ற வண்டி நல்லாத்தான் இருக்குது. உனக்குத்தான் காது போச்சு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாராம்.

இருபத்தஞ்சு வருசம் தம்பி. என்ற பொண்ணு சடங்குக்கு மாமன் முறைக்குத் தட்டு தூக்குனவரு மாதேசன். இப்ப எதிர்ல வந்தா இவரு ஒரு பக்கம் திரும்பிக்கறாரு, அவரு ஒரு பக்கம் திரும்பிக்கறாரு.

சண்டை போனாப் போகுதுங்க. அந்த வார்த்தைதான் இவரைக் கவுத்துப்போட்டுது. போன மாசம் ஒரு விவசாயி மோட்டாரைக் கொண்டு வந்து இறக்கறாரு. இவரு ஸ்க்ரூட்ரைவரை எடுக்கறாரு. காதுகிட்டக் கொண்டு போறாரு. திருப்பிக் கீழ வெச்சுட்டாரு. "எனக்குச் சரியா கேக்கறதில்லப்பா, பவானிக்குக் கொண்டு போ"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன், என்ற கண்ணால பாத்தேன். தூக்குப்போசியைக் கீழ வெக்கக்கூட முடியல எனக்கு. முணுமுணுத்தாப் பதில் சொல்ற மனுசன் இப்ப நேருக்கு நேரா பேசுனாலே, "ஆங்?"ங்கறாரு. காது நல்லாத்தான் இருக்குது. அவருக்கு அது மேல நம்பிக்கை போயிருச்சு.

எதிர் வீட்டுப் பூவாத்தாதான் சொன்னா, இது வேற ஒண்ணுமில்லக்கா, ஊர்க்கண்ணுன்னு. வண்டி பளபளன்னு நிக்குதுல்ல, போறவங்க வர்றவங்க கண்ணெல்லாம் அதுமேலதான். அதுலயிருந்து நான் செவ்வாய்க்கிழமையும் சேத்துக்கிட்டேன். வெள்ளியும் செவ்வாயும், சந்தனத்தை நல்லாக் கெட்டியாக் கொழைச்சு. ஈரத்துணியில பழசைத் துடைச்சுப்போட்டு, அதுமேல புதுசு. என்ன செஞ்சும் கண்ணு கழியலைங்க. முன்னாடி பாலம் வரைக்குமாவது போகும், இப்பப் பிள்ளையார் கோயில் முக்குலயே படுத்துக்குது. ரெண்டு கிலோமீட்டரு. இன்னிக்குக் காலையில கடைசியா ஒரு சுத்து ஓட்டிப் பாக்கறேன்னு போனவரு அங்கிருந்து தள்ளிட்டுத்தான் வந்தாரு. வேர்த்து ஊத்துது. துணியை எடுத்து மறுபடியும் ரெண்டு சைலன்சரையும் துடைச்சாரு.

நானும் சரி, போற எடத்துல நல்லா இருக்கட்டும்னு கடைசியா ஒரு பொட்டு வெச்சேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்களே.

என்னங்க தம்பி, மூடியையே தடவிப் பாத்துட்டு இருக்கறீங்க? அது சந்தனம்தானுங்க, காஞ்சா சிமிட்டியாட்டம் ஆயிரும். நகத்துல வராது. ஏனுங்க? குண்டூசியா? குண்டூசிக்கு எங்க போறது. இருங்க, தாலிக்கொடியில ஊக்கு இருக்குது, கழட்டித் தர்றேன். இந்தாங்க. பாத்துக் குத்துங்க, பெயிண்டு போயிரப் போகுது.

ஆழமாப் போகுதுங்களே... அது குழின்னுல்ல நான் நெனைச்சேன். ஓட்டையா?

எதுக்குங்க மூடியில ஓட்டை? மழைத்தண்ணி உள்ள போகாதா?

காத்து போறதுக்கா. டேங்குக்குள்ள காத்து போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்குமா.

இருங்க தம்பி. சித்த இருங்க. பேசாதீங்க.

பதினஞ்சு கிலோ எண்ணெய் டின்னு வருசத்துக்கு ரெண்டு வாங்கறோம். ஆணியை வெச்சு ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் கொஞ்சம் ஊத்தும், அப்பறம் நின்னுக்கும். எதிர் மூலையில இன்னொரு ஓட்டை போட்டாத்தான் தாராளமா வரும். முப்பத்தோரு வருசமா ரெண்டு ஓட்டை போடறவ நானு. எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

வியாழக்கிழமை ஓடுச்சு. சனிக்கிழமை நின்னுச்சு. மாதேசன் தண்ணி ஊத்திக் கழுவுனாரு, ஓடுச்சு. பங்க்குல மூடியைத் திறந்து மூடுனாங்க, அஞ்சு கிலோமீட்டரு ஓடுச்சு. நான் செவ்வாய்க்கிழமையும் சேத்துக்கிட்டேன்...

அட மகமாயி.

சிரிக்காதீங்க தம்பி. சரி, சிரிங்க. எனக்கே சிரிப்பு வருது, அழுகையும் வருது. எது முன்னாடி வருதுன்னு தெரியல.

நீங்க நல்லவருங்க. கம்முனு வாங்கிட்டுப் போய், கோயமுத்தூர்ல ஊக்கை வெச்சுக் குத்தியிருக்கலாம். இல்லீங்க, நான் ஒண்ணு கேக்கறேன். இதை இப்ப அவருகிட்டச் சொல்லாம விட்டுட்டா என்னங்க? வண்டி உங்களோட போயிரும். அடுத்த ஐப்பசியில மழை பெய்யறப்ப நான் வாசக்கதவைப் புடிச்சுட்டு ரோட்டையே பாத்துட்டு நிக்க வேண்டியதில்ல. நிம்மதியாத் தூங்குவேன். அவரும் ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருப்பாரு, அப்பறம் பழகிக்குவாரு. இல்லீங்களா?

ஏன் கீழ பாக்கறீங்க?

பழக மாட்டாருங்க. எனக்கே தெரியுது. வண்டி போனாப் போகுது தம்பி, அது இரும்பு. ஆனா அந்த ஸ்க்ரூட்ரைவரு? காதுகிட்டக் கொண்டு போய்க் கீழ வெச்சாரே, அதை யாரு எடுத்துக் குடுப்பாங்க? மாதேசண்ணன் திருடன்னு நாலு பேரு காதுல விழுந்துதே, அதை யாரு தொடைப்பாங்க? மாதேசன்னு சொன்ன வாயி இதுதானுங்களே. அவரு காது மேல தப்பில்ல, மாதேசன் மேலயும் தப்பில்ல. பயம் எனக்குங்க. என்ற பயத்தைக் கொழைச்சு அந்த ஓட்டையில அப்புனேன்.

அந்த ஊக்கை இப்படிக் குடுங்க. ம், சுத்தமாப் போயிருச்சு. ஊதிப் பாத்தா காத்து போகுது.

அதா, கேட் சத்தம். வந்துட்டாரு. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி, நானே சொல்லிக்கறேன். வண்டியைக் குடுக்காம வெறுங்கையோட அனுப்பறேன்னு நெனைச்சுக்காதீங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகோணும். பருப்பும் கத்திரிக்கா வதக்கலும். நல்லா இருக்கும்.

ஏனுங்க, வந்துட்டீங்களா? செருப்பைக் கழட்டாதீங்க. அந்த ஜெராக்ஸை அப்படி வெச்சுப்போட்டு இங்க வாங்க. தம்பிக்கு ஒண்ணும் அவசரமில்ல. எனக்குத்தான் அவசரம். நீங்க ஊரையெல்லாம் நிறுத்தி வெச்சு ஒரு கேள்வி கேப்பீங்கல்ல, அதை மறுக்கா ஒருதடவை எங்கிட்டக் கேளுங்க. அட, ஆங்கறதை விடுங்க, உங்களுக்கு எல்லாம் நல்லாக் கேக்கும். கேளுங்கன்னா. கடைசியா இதுல யாரு கை வெச்சாங்கன்னு.

நாந்தானுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை.

முறைக்கறதை அப்பறமா முறைச்சுக்குங்க. இந்தாங்க ஊக்கு, இது இனிமே வண்டிச் சாவியோடயே கெடக்கட்டும். ஹெட்லைட்டுக்கு மட்டும் வெச்சுக்கறேன், கண்ணாடியில ஓட்டை இல்லீல்ல? சரி சரி, அதுவும் வேண்டாம். இப்ப உதைங்க. பாலத்தைத் தாண்டி மாதேசண்ணன் கடை வரைக்கும் போவோம். நானும் வர்றேன். பின்னாடி உக்காந்துக்கறேன். ஆமா, நாந்தான், பஸ்ஸு வேண்டாம். அவரு கிட்ட நான் சொல்லோணும், நீங்க சொன்னா நடுவுல கார்புரேட்டரைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவீங்க.

தம்பி, சொம்புல இன்னும் மோர் இருக்குதுங்க, ஊத்திக் குடிங்க. ஒரு மணி நேரத்துல வந்தர்றோம். வரலைன்னா, உங்க காரை எடுத்துட்டுப் பாலம் வரைக்கும் வந்து பாருங்க. டீக்கடையில இருப்போம்.